இடை மெலிந்த தூண்கள்

வெள்ளாற்றங்கரையில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பெருவெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருவில் யாராவது பெரியவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அதற்கு ஒரு முழம் மேலே பேஸ்மட்டம் போட்டால்தான் கொத்தனாருக்கே மனசு ஆறும். எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஆறு என்பது வருடத்தில் பல மாதம் மணலும் கோரையும் சீமைக்கருவேலமும்தான். ஆனாலும் அந்தக் கணக்கை லேசில் யாரும் மீறுவதில்லை. ஆற்றுக்கு எட்ட நின்று வாழ்ந்தே பழகியவர்கள் நாங்கள்.

இப்படி வளர்ந்தவன் புருனை நாட்டுத் தலைநகரான பந்தர் செரி பெகாவானில் போய் நின்றால் முதலில் வருவது குழப்பம். அங்கே ஊரே ஆற்றுக்குள் இருக்கிறது. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், காவல் நிலையம், பெட்ரோல் பங்க், தீயணைப்பு நிலையம் எல்லாம் தண்ணீரில் நட்ட கால்களின் மேல் நிற்கின்றன. கம்போங் ஆயர் என்று பெயர். பல சிற்றூர்கள் சேர்ந்த ஊர். வீட்டுக்கு வீடு மரப்பலகை நடைபாதை. அதைக் கூட்டினால் 30 கிலோமீட்டர் தேறும் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் கடல் தாண்டிப் பிழைக்காத குடும்பம் அரிது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று சிதறிக்கிடக்கும் உறவுகளில் ஒரு மச்சான் புருனையில் உணவகம் ஒன்றில் இருக்கிறார். அவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு என்னைப் படகில் ஏற்றினார். 1958இல் கட்டி முடித்த சுல்தான் உமர் அலி சைபுத்தீன் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம் பின்னால் நகர, மோட்டார் படகு சில நிமிடத்தில் எதிர்ப்புறம் கொண்டுவிட்டது. "கீழே பார்த்து நடங்க மச்சான், பலகை சில இடத்துல ஆடும்" என்றார். கீழே பார்த்து நடந்ததால்தான் இந்தக் கட்டுரை.

வற்று நேரம் அது. புருனை ஆற்றில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் இரண்டு மீட்டர். தண்ணீர் இறங்கியிருந்ததால் வீடுகளின் கால்கள் முழுசாகத் தெரிந்தன. பழைய மரக்கால்களில் பலவற்றுக்கு ஒரே வடிவம். மேலே பலகையைத் தாங்குமிடம் பருமன். கீழே சேற்றுக்குள் நுழையுமிடமும் பருமன். நடுவில், தண்ணீர் ஏறி இறங்கும் அந்த இரண்டு மீட்டருக்குள், உடுக்கை போல இடை சிறுத்துக் கிடந்தன. சிலவற்றில் இடை போயே போய்விட்டது. பக்கத்தில் புதுக்கால் ஒன்றை ஒட்டி நட்டு ஆணியடித்திருந்தார்கள். மரம் தண்ணீரில் கிடந்து கெட்டிருந்தால் அடிப்பாகம் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? எப்போதும் தண்ணீரிலும் சேற்றிலும் இருப்பது அதுதானே?

மரத்தை மக்கவைப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும்: ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் அதன் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிழைக்காது. அதனால்தான் கூரைக்குள் இருக்கும் உத்தரம் தலைமுறை தாண்டுகிறது. மறுமுனையில், மரத்தின் உயிரணு அறைகள் எல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை, அப்போதும் பூஞ்சை பிழைக்காது. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும். அதுவும் தண்ணீரில் ஆக்சிஜன் ஊர்ந்து பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. சேற்றுக்குள் இரண்டு மூன்று விரல்கடை போனால் அநேகமாக ஆக்சிஜனே கிடையாது. அங்கே மிஞ்சுவது மரத்தை மெல்ல மெல்லச் சுரண்டும் சில பாக்டீரியாக்கள் மட்டும். அவற்றின் வேகத்துக்கு நூற்றாண்டுகள் வேண்டும்.

இதற்குத் தமிழ்நாடே பார்த்த சாட்சி இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திமரச் சிலை ஒன்று அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் 40 ஆண்டு கிடந்து, ஒரு மண்டலம் மட்டும் மேலே வருகிறது. 1979இல் வந்தது, பிறகு 2019 ஜூலை, ஆகஸ்டில் வந்தது. கூட்டம் நாடறிந்த சங்கதி. அத்தி வைரம் பாய்ந்த மரமே இல்லை. வெட்டித் தரையில் போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும் மென்மரம். நிலை, கதவு செய்ய எந்த ஆசாரியும் அத்தியைத் தொடமாட்டார். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் என்பதால் கிணற்றடிச் சட்டத்துக்கு அதைப் போடும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. காற்றில் நிற்காத மரம் நீரில் நிற்கிறது.

ஐரோப்பாவில் இதே விஷயம் தொல்லியலின் போக்கையே மாற்றியது. 1853–54 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரி வழக்கத்துக்கு மாறாக வற்றியது. ஓபர்மைலன் என்ற ஊரில் ஏரிப்படுகையில் வரிசை வரிசையாக மரக்கட்டைகள் தெரிந்தன. ஃபெர்டினாண்ட் கெல்லர் என்ற ஆய்வாளர் அவை கற்கால மக்களின் வீட்டுக்கால்கள் என்று சொன்னார். ஆல்ப்ஸ் மலையைச் சுற்றி ஆறு நாடுகளில் இப்படிப்பட்ட 111 இடங்களை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றின் பழமை ஏழாயிரம் ஆண்டு வரை போகிறது. மரத்தின் ஆண்டு வளையங்கள் அப்படியே இருப்பதால், எந்தக் கால் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். கெல்லர் நினைத்ததுபோல எல்லாமே தண்ணீருக்கு நடுவில் நின்ற ஊர்கள் இல்லை, பல ஊர்கள் ஏரியின் ஈரக்கரையில் இருந்தவை என்று இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகள் திருத்தின. மரம் பிழைத்ததற்கான காரணத்தில் மட்டும் மாற்றமில்லை: காற்றுப் புகாத சேறு.

இந்த விதியை அதன் எல்லைவரை இழுத்துப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். மாவட்டத்துக்குள்ளேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். பத்துக் கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். காரை, அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட், சிப்பி எல்லாம் அந்தக் கடலின் உயிர்கள். கரைக்காட்டு மரம் ஒன்று அந்தக் கடலில் அடித்துவரப்பட்டு, வண்டலில் புதைந்து, மக்க நேரமில்லாமல் காற்றை இழந்தது. சிலிக்கா கரைந்த நீர் அதன் திசுக்களில் புகுந்து உயிரணு உயிரணுவாகக் கல்லாக்கிவிட்டது. மேலே கிடந்த மரங்கள் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட, மூழ்கியது மட்டும் மிஞ்சியது.

சரி, தூணின் இடைக்கு வருவோம். அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. இரண்டும் ஒருநாள் விடாமல் மாறி மாறி வருகின்றன. பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் உடுக்கை வடிவத்துக்குப் பூஞ்சை மட்டும் காரணமில்லை. கடலோரத்தில் அரிசி மணி அளவுள்ள ஓட்டுடலி ஒன்று இருக்கிறது; லிம்னோரியா என்று பெயர், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஏற்றவற்றுப் பகுதியில் மரத்தின் மேல்தோலை மட்டும் சுரண்டிக்கொண்டே போகும். சுரண்டிய இடத்தை அலை கழுவும், அது அடுத்த படலத்துக்குப் போகும். கரையான், மாடு இரண்டும் செல்லுலோசைச் செரிக்க வயிற்றில் நுண்ணுயிர்களை நம்பியிருக்கின்றன. லிம்னோரியாவின் குடலிலோ நுண்ணுயிரே கிடையாது. தானே நொதியைச் சுரந்து மரத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. இந்தச் சங்கதி தெரிந்ததும் 2010 வாக்கில் பிரிட்டனின் யார்க், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அந்த நொதியின் பின்னால் போனார்கள். வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்க உதவுமா என்பது அவர்கள் கணக்கு.

புருனை ஆறு போல உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்களில் இன்னொரு ஆசாமி சேர்ந்துகொள்கிறது. ஸ்ஃபீரோமா. தொட்டால் உருண்டுகொள்ளும், நம்மூர் ஈரக்கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிக்குப் பங்காளி. இது மரத்தைத் தின்பதே இல்லை, குடியிருக்கத்தான் துளைக்கிறது. துளையில் உட்கார்ந்து ஓடும் நீரை வடிகட்டிப் பசியாறும். அலையாத்தி மரங்களின் ஊன்றுவேர்களிலும் இதே வேலைதான். ஆற்றுக்குள் கால் நட்டு வீடு கட்டிக்கொண்ட மனிதனின் தூணுக்குள் அதுவும் வீடு கட்டிக்கொள்கிறது, யாரை நொந்துகொள்வது?

எல்லாவற்றிலும் பெரிய எதிரி கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். ஓடு சுருங்கி, தலையில் இரண்டு அரம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி உடம்பு கயிறாக நீண்டுவிட்டது. ஊசிமுனைத் துளை வழியாகக் குஞ்சாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைச் சல்லடையாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 1731இல் நெதர்லாந்தின் கடல் தடுப்புக் கரைகளில் இருந்த மரங்களை இது தின்று தீர்த்து, அந்நாட்டவர் கல்லுக்கு மாற வேண்டியதாயிற்று. துளைத்துக்கொண்டே பின்னால் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போகும் அதன் முறையைக் கண்டுதான் மார்க் ப்ரூனெல் என்ற பொறியாளர் சுரங்கம் தோண்டும் கேடயத்தை வடிவமைத்து 1818இல் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை அதனால்தான் சாத்தியமானது. இன்று சென்னை மெட்ரோவுக்குத் தோண்டும் ராட்சத எந்திரத்தின் பூர்விகம் ஒரு சிப்பியின் ஓட்டில் இருக்கிறது.

கப்பல்புழுவுக்கு உப்பு வேண்டும். நன்னீர் அதிகமானால் துளையை மூடிக்கொண்டு உள்ளே ஒடுங்கும், நீடித்தால் சாகும். ஆகவே எந்த இடத்தில் கால் நடுகிறோம் என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. திறந்த கடலில் நட்ட மரக்கால் சில ஆண்டிலேயே போய்விடலாம். கழிமுகத்தில் மேலே ஏற ஏற ஆயுள் கூடும். எங்கள் வெள்ளாறும் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. அங்கே 1961 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கு மரந்துளைக்கும் உயிர்கள் பழக்கமான ஆய்வுப் பொருள். நம் மீனவர்கள் கட்டுமரத்தை வேலை முடிந்ததும் தண்ணீரில் விடாமல் மணலுக்கு இழுத்து வெயிலில் காயவிடுவது ஈரச்சுமை குறையத்தான். துளைப்பான்களுக்கும் அந்த வெயிலே மருந்து.

அலையாத்திச் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும். நீரில் மூழ்கியிருக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். சேற்றை வெட்டிக் காற்றில் போட்டாலோ நீரை வடித்தாலோ ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறும். புருனைக் கழிமுகத்தில் மேலாற்றுப் பக்கம் போகப்போக நீரின் அமிலத்தன்மை கூடுவதையும், அங்குள்ள நத்தைகளின் ஓடுகள் அரிக்கப்பட்டுக் கிடப்பதையும் புருனை தாருஸ்ஸலாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். சேற்றை மேடாக்கி வீடு கட்டியிருந்தால் இந்த அமிலம் அஸ்திவாரத்தைத்தான் முதலில் தேடும். சேற்றைச் சேறாகவே விட்டுவிட்டு, அதில் கால் மட்டும் நட்டுக்கொண்டது விவரம் தெரிந்த வேலை.

கால் எப்படி நிற்கிறது? கீழே பாறை இருக்கிறது, அதில் போய் உட்காருகிறது என்றுதான் நினைத்தேன்; பார்க்கிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். கழிமுகத்துச் சேற்றில் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்குமோ. தூணைத் தாங்குவது அதன் அடி இல்லை, பக்கவாட்டுத் தோல். சேறு மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் உராய்வுதான் வீட்டைத் தூக்கிப்பிடிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கால் 5 மீட்டர் சேற்றுக்குள் இறங்கியிருந்தால், சேறு தொடும் பரப்பு 2.3 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மென்சேறு சதுர மீட்டருக்கு ஒரு டன் பிடிக்கும் என்று வைத்தால் ஒரு காலுக்கு இரண்டே கால் டன்னுக்கு மேல். நாற்பது கால் என்றால் 90 டன். பலகைச் சுவர், தகரக்கூரை வீடு அந்த எடைக்கு அருகிலேயே வராது. ஆகவேதான் ஒன்றிரண்டு கால் இடை ஒடிந்தாலும் வீடு விழுவதில்லை. மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இன்னொரு சூட்சுமம் உண்டு. கால் இறக்கும்போது சேறு கலங்கி, இடுக்கிலிருக்கும் நீரின் அழுத்தம் எகிறி, பிடிமானம் தளர்ந்துவிடும். அதனால்தான் சில ஆட்கள் சேர்ந்து ஆட்டி ஆட்டி, மேலே பாரம் ஏற்றி அழுத்தினால் மரம் இறங்குகிறது. அப்படியே சில நாள், சில வாரம் விட்டால் அழுத்தப்பட்ட நீர் மெல்ல வடிந்து, சேறு மறுபடி இறுகி, மரத்தைக் கவ்விக்கொள்ளும். கால் நட்ட அன்றைக்கே சுமை ஏற்றுவது அவசரக்காரன் வேலை.

மரத்தேர்விலும் அறிவு இருக்கிறது. பழைய நாளில் போர்னியோ, சுமத்திரா கழிமுகங்களில் நட்டது நிபோங் என்ற பனையினத்து மரத்தை. நம் பனைக்கும் அதற்கும் கட்டுமானம் ஒன்றே: வெளிவட்டம் கறுத்து இறுகி வைரமாக, உள்ளே சோறு மென்மையாக. வளைக்கும் விசையைத் தாங்குவது எந்தக் கம்பத்திலும் வெளிவட்டம்தான், நடுப்பகுதி கிட்டத்தட்டச் சும்மா. ஆக எங்கே வலு வேண்டுமோ அங்கே மட்டும் வலு சேர்த்து வைத்திருக்கும் மரம் இது. பணம் உள்ளவர்கள் பிறகு பெலியான் என்ற இரும்பு மரத்துக்கு மாறினார்கள். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். தண்ணீரில் போட்டால் முங்கும், ஆணி இறங்காது, முன்துளை போட்டால்தான் உண்டு. நூறாண்டு நிற்கும் என்று பெயர். ஆனால் பருமன் கூட எடுத்துக்கொள்ளும் காலமும் அப்படியே. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறுவதில்லை என்ற அளவில்தான் வளர்ச்சி. காட்டில் அருகிப்போய், வெட்டவும் ஏற்றுமதி செய்யவும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

இப்போது புது வீடுகளுக்குக் கான்கிரீட் கால். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். நடைபாதை ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் தூணிலும் சேதம் அதே உயரத்தில்தான் இருந்தது: தண்ணீர் ஏறி இறங்கும் பட்டையில் சிமென்ட் பெயர்ந்து, துருக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, பிறகு எப்படி? உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறுகிறது. கம்பி துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். முழுக்க மூழ்கிய பகுதிக்கு அது கிடைப்பதில்லை. நனைந்து காயும் பகுதிக்கு உப்பும் ஆக்சிஜனும் தாராளம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளலில் சிமென்ட் வெடிக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்தைக் காலமெல்லாம் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பகையை நன்றாக அறிவார்கள். மரமோ, இரும்போ, சேறோ, அழிவது நீரும் காற்றும் உரசும் அந்த ஒரு பட்டையில்தான்.

இந்த ஊர் நேற்று முளைத்ததல்ல. 1521இல் மகெல்லனின் கப்பல்களில் மிஞ்சியவர்களோடு வந்த அந்தோனியோ பிகஃபெத்தா, உப்புநீரில் கட்டிய நகரம் என்றும், இருபத்தையாயிரம் அடுப்புகள் என்றும் எழுதிவைத்தார். கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கடல் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் வந்து பண்டம் விற்பதையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். 1961ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்நாட்டின் மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லும் ஏழு இனங்களில், நாட்டின் பெயரையே கொண்ட புருனை இனத்தார் இந்த நீர்வாசிகள்தான். நெல் விளைவிக்கும் கெடாயான் இனத்தார் கரையில். மீனும் வாணிபமும் கைத்தொழிலும் நீர்வாசிகள் கையில். பாண்டை பெசி என்று கொல்லர் பெயரிலேயே ஒரு சிற்றூர் உண்டு.

இன்னும் முன்னே போனால் கதை அரியலூருக்கே வந்துசேர்கிறது. அங்குள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் 1025இல் கடற்படையை அனுப்பியது ஸ்ரீவிஜயத்தின் மேல். அதன் தலைநகராக இருந்த பலெம்பாங், சுமத்திராவில் மூசி ஆற்றங்கரை ஊர். 1225இல் சாவ் ருகுவா என்ற சீன அதிகாரி எழுதிய குறிப்பு, அந்நாட்டு மக்கள் பலர் நீரின் மேல் மிதவைகளில் கூரை போட்டு வாழ்ந்ததையும், அவர்களுக்கு வரி இல்லை என்பதையும் சொல்கிறது. பலெம்பாங்கை அடுத்த சதுப்பு நிலங்களில் ஸ்ரீவிஜயத்துக்கும் முற்பட்ட வீட்டுக்கால்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அவையும் நிபோங். சோழக் கல்வெட்டு அடுக்கும் ஊர்ப் பட்டியலில் வரும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். அங்குள்ள பழங்குடிகளும் தரையைத் தொடாமல் கால்களின் மேல் வட்டக் குடில் கட்டி வாழ்ந்தவர்கள். படையெடுத்துப் போன தமிழ் வீரர்கள் இந்த வீடுகளைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மெய்க்கீர்த்திக்கு யானையும் பொன்னும்தான் முக்கியம்.

நீரின் மேல் பல தலைமுறை வாழ்ந்தால் உடம்பும் மாறுமா? புருனைக்கு அருகிலுள்ள மலேசியாவின் சபா மாநிலத்துச் செம்போர்னாவிலும், இந்தோனேசியாவின் சுலவேசியிலும், பிலிப்பைன்ஸிலும் பஜாவ் மக்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் படகிலேயே வாழ்ந்து, பிறகு பவளத்திட்டுகளின் மேல் கால் நட்ட வீடுகளுக்கு வந்தவர்கள். மரச்சட்டக் கண்ணாடியும் ஈட்டியுமாக மூச்சடக்கி 70 மீட்டர் ஆழம்வரை இறங்குவார்கள். மெலிசா இலார்டோ தலைமையிலான குழு சுலவேசியில் அவர்களின் மண்ணீரலை அல்ட்ராசவுண்டில் அளந்தது. பக்கத்தில் தரையில் விவசாயம் செய்யும் சலுவான் இனத்தாரைவிடச் சராசரியாக 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. 2018இல் 'செல்' ஆய்விதழில் வெளிவந்த முடிவு இது. மூச்சடக்கி மூழ்கும்போது இதயத்துடிப்பு குறையும், கைகால் ரத்தக்குழாய் சுருங்கும், மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களைப் பிழிந்து ரத்தத்தில் விடும். மண்ணீரல் பெரிது என்றால் கையிருப்பு அதிகம். பழக்கத்தால் வளர்ந்ததா என்றால் அப்படியும் இல்லை. முங்காத பஜாவ்காரர்களுக்கும் அதே அளவு. பி.டி.இ.10.ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடையே பெருகியிருப்பதும், அது தைராய்டு சுரப்பைக் கூட்டுவதோடு தொடர்புள்ளது என்பதும் தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான கதை தாய்லாந்தின் கடல் மக்களான மோக்கன் இனத்துக் குழந்தைகளுடையது. அவர்கள் நீருக்கடியில் வெறுங்கண்ணால் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு துல்லியமாகப் பார்க்கிறார்கள் என்று சுவீடனின் அன்னா கிஸ்லேன் 2003இல் காட்டினார். கண்மணியை முடிந்தவரை சுருக்கியும் வில்லையை முழுக்கக் குவித்தும் பார்ப்பதுதான் ரகசியம். பயிற்சி கொடுத்தபோது ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் அது வந்துவிட்டது. ஒன்று ரத்தத்தில் வந்தது, மற்றது பழக்கத்தில் வந்தது. கடல் மக்கள் என்றாலே பிறவியிலேயே வேறு ஜாதி என்று கதை கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உடம்பு கடலுக்கு ஒத்துப்போனாலும் சட்டம் ஒத்துப்போவதில்லை. சபாவின் பஜாவ் லாவுத் மக்களில் கணிசமானோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. 2024 ஜூனில் செம்போர்னாவை ஒட்டிய கடற்பூங்காவில் அவர்களது வீடுகள் நூற்றுக்கும் மேல் அதிகாரிகளால் இடிக்கப்பட்டன. பாதுகாப்பு, குற்றத்தடுப்பு என்று அரசு காரணம் சொன்னது. கம்போங் ஆயரின் நிலை அவ்வளவு மோசமில்லை. 1906இல் ஆங்கிலேய ரெசிடென்ட் ஆட்சி வந்த பிறகு மக்களைக் கரையேற்றும் முயற்சி தொடங்கியது. 1929இல் செரியாவில் எண்ணெய் கிடைத்தது. கரையில் வேலையும் வந்தது, பிறகு அரசு வீட்டுத் திட்டங்களும் வந்தன. இளையவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இருக்கிறவர்களுக்குத் தண்ணீரைவிட நெருப்பே பெரிய பயம். காய்ந்த பலகை, இடுக்கில்லாத வீட்டு வரிசை, தரைப்பலகைக்கு அடியிலிருந்து தடையில்லாமல் மேலேறும் காற்று. ஒரு வீட்டில் பிடித்தால் நடைபாதையே தீயை அடுத்த வீட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும். காலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது, வீடு எரிகிறது. புது வீடுகளைக் கான்கிரீட் காலில் இடைவெளி விட்டுக் கட்டுவது இதனால்தான். கழிவுநீர் இன்னொரு தலைவலி. பல வீடுகளில் இருந்து அது நேரே ஆற்றுக்குத்தான். அலை அள்ளிக்கொண்டு போகும் என்ற பழைய நம்பிக்கை, கொஞ்சம் பேர் கொஞ்சம் சோப்பு போட்ட காலத்துக்குச் சரி. அன்று வற்று நேரத்தில் சேற்றில் நான் எண்ணாமல் விட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் ஆற்றின் குற்றமல்ல.

கால் நட்ட வீடு நம் நாட்டுக்கும் புதிதல்ல. அசாமில் பிரம்மபுத்திராக் கரையின் மிசிங் பழங்குடியினர் தங்கள் சாங் கர் வீடுகளில் வெள்ளம் பார்த்துத் தரையின் உயரத்தை அடுத்த முறை கூட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கால் நட்ட வீடு இப்போது நகரமெங்கும் இருக்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங் என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தூண்களுக்கு நடுவே கார்கள் மிதந்தன. வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை, அந்த மட்டுக்கும் கால்கள் வேலை செய்தன. ஆனால் கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, குடிதண்ணீர் சம்ப்பில் சாக்கடை கலந்தது. கம்போங் ஆயரில் நான் போன வீட்டில் கரண்ட் மீட்டர் வாசல் சுவரில் நெஞ்சு உயரத்தில் இருந்தது. தண்ணீர்க் குழாயும் ஒயரும் நடைபாதைப் பலகையை ஒட்டியே, ஏற்றம் தொடாத உயரத்தில் ஓடின. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அவரவர் அடுக்ககத்தில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம், மீட்டர் பெட்டியும் மோட்டாரும் சம்ப் மூடியும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று.